ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. அதை மறைக்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற இந்தப் பெரியதம்பி இன்று அட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையே சொந்த பஸ் ஓட்டுகிறான். இன்னும் நாலு வகுப்பு படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று என் மனைவி பூரணியிடம் கேட்பேன்.

"கணக்கப்பிள்ளையா ஆகியிருப்பீங்க. இந்நேரம் பென்சன் எடுத்துட்டு வீட்டுல குந்தியிருப்பீங்க" என்பாள்.

அவள் சொல்வது சரிதான். நான் குந்தியிருக்கப் பிறந்தவன் இல்லை. தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் ஏழு பேரோடு படுத்து எழுந்தவன். தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, டிரைவர் தூங்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, பிறகு டிரைவராகி, பிறகு முதலாளியாகி இருக்கிறேன். எனக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கி விடவில்லை. நோர்வூட் பக்கத்து மலை ரோட்டில் என்னைப் போல வண்டி ஓட்ட இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள், நான் இறங்கிக் கொள்கிறேன். எழுபதைத் தாண்டியும் கண்ணாடி போடாமல் ஓட்டுகிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றிச் சொல்ல இல்லை. என் பஸ்ஸின் பின்வாசலில் நிற்கிறானே நல்லமுத்து, அவனைப் பற்றிச் சொல்ல. யாரும் கை கொடுக்கவில்லை என்று மேலே எழுதினேன். அதில் இவன் சேர்த்தி இல்லை.

நல்லமுத்து எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்து கொண்டிருந்தவன். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து சுமந்து மூச்சிரைப்பு வந்துவிட்டது. "இனி மலைக்குப் போகாதே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நான் பஸ் வாங்கிப் புதுசு. கண்டக்டர் வேலைக்கு வந்த பையன்கள் மாதத்துக்கு ஒருத்தனாக ஓடிக் கொண்டிருந்தார்கள். இவன் வந்து நின்றான். ஒல்லி, குரல் மட்டும் தப்பு மேளச் சத்தம் மாதிரி.

"பஸ்ஸுல ஏதும் வேல பாத்திருக்கியா?"

"இல்லண்ணே. ஆனா பஸ்ஸுல நெறைய தூரம் போயிருக்கேன்."

சிரித்துவிட்டேன். ஏறு என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பஸ் என்றால் ஆட்கள் போக வர மட்டும் இல்லை. அட்டனுக்குப் போய் வந்தால் பாதி நாள் போய்விடும், அன்றைய சம்பளமும் போய்விடும். அதனால் காலையில் வண்டி அட்டனுக்குப் போகும்போது ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் யாராவது வந்து நின்று கண்டக்டரிடம் ஒன்றைச் சொல்லி விடுவார்கள். மாலையில் வண்டி திரும்பும்போது அதே இடத்தில் நின்று வாங்கிக் கொள்வார்கள். டெய்லரிடம் கொடுத்த ஜாக்கெட்டு, கோழிக்குஞ்சு, மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் காது, நெத்தலிக் கருவாடு, கோயிலுக்குக் கற்பூரம், ஒரு தடவை ஒரு பெரியவரின் பொய்ப்பல் செட்டு கூட வந்தது. எல்லா பஸ்ஸிலும் இது உண்டு. ஆனால் மற்ற பஸ்ஸில் சொல்லி விட்டால் ஜாக்கெட்டு கேட்டவருக்குக் கருவாடு வரும். நல்லமுத்துவிடம் சொன்னால் சொன்னது வரும். எனக்கு முன்னால் ஒரு பஸ் காலியாகப் போனாலும் சனங்கள் ஏறாமல் நிற்பார்கள். "நல்லமுத்து வண்டி வரட்டும்" என்பார்கள். வண்டி என்னுடையது, பெயர் அவனுடையது! முதலில் எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. பிறகு டிக்கட் வசூலைப் பார்த்துக் கடுப்பை விட்டுவிட்டேன்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"இத்தனையும் எங்கடா ஞாபகம் வச்சுக்கிற? என் பேரப்புள்ளைங்க பேரே எனக்கு மாறிப் போகுது."

"நான் எங்கண்ணே வச்சுக்கிறேன்? ரோட்டுல வச்சுட்டுப் போறேன். திரும்பி வாரப்ப எடுத்துக்கிறேன்."

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். பாலத்தடியில் நிற்கும் பெண் கற்பூரம் கேட்டால், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கற்பூரத்தை வைத்த மாதிரி மனதில் ஒரு படம் பிடித்துக் கொள்வானாம். பழைய ஸ்டோர், அதுதான் தேயிலை ஆலை, அதன் அருகே ஜாக்கெட்டு கேட்டால், ஸ்டோர் தகரத்தில் அந்த ஜாக்கெட்டைக் காயப் போட்டு விடுவானாம். அதற்குப் பிறகு அதை நினைப்பதே இல்லை. அட்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ணை மூடிக் கொண்டு கீழிருந்து மேல் வரை ரோட்டை ஒரு தடவை மனதில் ஓட்டுவான். எங்கே எது தொங்குகிறதோ அதை வாங்கி விடுவான். மாலையில் வண்டி அந்தந்த வளைவுக்கு வந்ததும் ஆளின் பெயர் தானாக வாயில் வருமாம்.

"வளைவு வந்தாத்தான் ஆளு வரும். வீட்டுல உக்காந்து கேட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக் கொண்டேன். என் கண்டக்டருக்கு மூளை ரோடு முழுக்க இருக்கிறது என்று.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. மழை நின்றால்தானே நாள் விடிந்தது தெரியும், அப்படி ஒரு மழை. கரண்டு இல்லை, டவர் செத்துப் போனதால் போனும் இல்லை. சனங்கள் வெளியே போக முடியாமல் கிடந்ததால் அன்று காலையில் சொல்லி விட்டவர்கள் என்றைக்கும் இல்லாத கூட்டம். தார்ப்பாய்ப் படங்கையும் பொலித்தீனையும் தலையில் போட்டுக் கொண்டு ஒவ்வொரு தரிப்பிலும் நின்றார்கள். முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. நல்லமுத்து மிதிபலகையில் குனிந்து குனிந்து காது கொடுத்து வாங்கிக் கொண்டான்.

மாலை திரும்பி வரும்போது நோர்வூட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் மேல் மண் சரிந்து கிடந்தது. வண்டியைத் தோட்டத்து ரோட்டில் ஏற்றி, ஸ்டோரைச் சுற்றி, மறுபக்கம் மெயின் ரோட்டில் இறக்கினேன். லொறிக்கே நடுங்கும் ரோடு அது. பஸ்ஸில் இருந்தவர்கள் முருகா முருகா என்றார்கள். நான் பீடியைக் கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. இடையில் விட்டுப் போன தரிப்புகளில் இறங்க வேண்டியவர்களைத் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் சேரும் சந்தியில் இறக்கி விட்டோம். அவர்கள் கையில் அக்கம் பக்கத்துச் சாமான்களையும் நல்லமுத்து கொடுத்தனுப்பினான். மிச்சத்தை வழிநெடுகக் கொடுத்துக் கொண்டே பொகவந்தலாவை வந்து சேர்ந்தோம்.

வண்டி நின்றது. மழை அடித்த அடியில் கடைசித் தரிப்புக்காரர்கள் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நல்லமுத்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. கையில் மருந்துக் கடையின் சின்னக் காகித உறை.

"அண்ணே, இது மிஞ்சிப் போச்சு."

"யாருக்கு?"

"அதுதான் தெரியல."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அவன் குனிந்து என் காதில் சொன்னான்.

"வலிப்பு மாத்திரண்ணே. காலைல ஒரு அம்மா வெறும் அட்டையக் குடுத்து, 'மக மாத்திர முடிஞ்சு ரெண்டு நாளாச்சு தம்பி, இன்னைக்கு ராவுக்குப் போடலன்னா விழுந்துரும், யாருகிட்டயும் சொல்லிறாத'ன்னு காதுல சொல்லுச்சு. மருந்துக்கடைக்காரரும் ஒருநாளும் விடக் கூடாதுன்னாரு. அம்மா சொன்னது அப்படியே காதுல நிக்குது. அது யாருன்னு மட்டும் வர மாட்டேங்குது. அந்த வளைவு இன்னைக்கு வரவே இல்லண்ணே!"

வலிப்பு உள்ள பெண் பிள்ளை என்றால் வீட்டில் மூடித்தான் வைப்பார்கள். வெளியே தெரிந்தால் நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கேட்டு ஒருத்தரும் வரமாட்டார்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் தாயே ரகசியமாகக் கூட்டிப் போயிருப்பாள். இந்த மாதம் மழையில் போக முடியாமல்தான் இவனிடம் சொல்லி விட்டிருக்கிறாள். பஸ்ஸில் இருப்பவர்களிடம் "யார் வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு" என்று கேட்கவும் முடியாது, கேட்டாலும் தெரிந்திருக்காது. பொழுதும் சாய்ந்து கொண்டிருந்தது.

"யோசிடா" என்றேன்.

"யோசிச்சா வராதுண்ணே. ரோடு வேணும்."

முன் சீட்டில் வேலாயி உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுத்து ஓய்ந்த கிழவி, வாய் மட்டும் ஓயாதது. வாரத்தில் பாதி நாள் என் பஸ்ஸில்தான் இருப்பாள்.

"என்னா ரெண்டு பேரும் புதுப் பொண்ணு மாப்பிள மாதிரி குசுகுசுன்னு?"

"ஒரு ஆளுக்கு மாத்திர வாங்கிட்டு வந்தேன் ஆயா. யாருன்னு மறந்து போச்சு."

"அட கெட்டவனே! ஊருல ஒருத்தனையாவது மறக்காத ஆளுன்னு இருந்தோம், நீயும் போயிட்டியா?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். குரல் மாறியது. "அவசர மாத்திரயா?"

நல்லமுத்து தலையை ஆட்டினான். வேலாயி அதற்கு மேல் கேட்கவில்லை.

"ரோடுதானே வேணும்? நாங்க இத்தனை பேரு அந்த ரோட்டுல கெடந்து சாகிறவங்கதானே. நாங்க ரோட்டச் சொல்றோம், நீ வண்டியில வா. ஏங்க மொதலாளி, எஞ்சினப் போடுங்க."

"நிக்கிற வண்டியிலயா?"

"நிக்கிற வண்டியிலதான். ஏன், உங்களுக்கு ஓடுற வண்டிதான் ஓட்டத் தெரியுமா?"

அப்படி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? எஞ்சினைப் போட்டேன். கைப் பிரேக்கை இறுக்கி விட்டு, கிளச்சை மிதித்துக் கொண்டேன். நல்லமுத்து பின்வாசலுக்குப் போய் மிதிபலகையில் வழக்கம் போலத் தொங்கிக் கொண்டு கண்ணை மூடினான்.

"நோர்வூட் சந்தி!" என்றாள் வேலாயி.

"ரைட், போலாம்!" என்றான் நல்லமுத்து.

அக்சிலேட்டரை அழுத்தினேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. அந்த ரோட்டில் எந்தக் கல்லுக்கு எந்தக் கியர் என்று என் இடது கைக்குத் தெரியும். "பாலத்தடி" என்றார் ஒரு பெரியவர். பாலத்தில் குறைக்கிற மாதிரி குறைத்தேன். "பாலத்தடி, கருவாடு, குடுத்தாச்சு" என்றான் அவன். "பழைய ஸ்டோர்" என்று பின்னால் இருந்து ஒரு குரல். "நூல்கண்டு, குடுத்தாச்சு." "மாரியம்மன் கோயில் ஏத்தம்!" இரண்டாவது கியரில் எஞ்சினை உறும விட்டேன். எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். சாய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அந்த ஏற்றத்தில் சாய்ந்து சாய்ந்து பழக்கம். வளைவு என்று யாராவது சொன்னால் பஸ்ஸே ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"ஐயோ, மேல வுழாதீங்க தம்பி" என்று ஒரு பெண் சொல்ல, "வளைவுங்க அக்கா, நான் என்னா செய்ய" என்றார் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட மாஸ்டர். பஸ் கலகலவென்று சிரித்தது.

எதிரே பேக்கரி வைத்திருக்கும் சிங்களக்காரர், எங்கும் போகாமல் உறுமிக் கொண்டிருக்கிற பஸ்ஸைப் பார்த்துக் குடையோடு ஓடி வந்தார். "மொகோ வுனே?" என்றார், என்ன ஆனது என்று. வேலாயி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி, "கமனக் யனவா மாத்தயா" என்றாள், பயணம் போகிறோம் ஐயா என்று. அவர் குடைக்குள் வாயைப் பிளந்து கொண்டு நின்றார்.

சரிவு விழுந்த இடமும் தாண்டி, அன்று மாலை நாங்கள் வராத ரோட்டுக்கு வந்துவிட்டோம். சிரிப்பு நின்றது. "பெரிய கல்லு" என்றார் மாஸ்டர். "மண்ணெண்ணெ. சந்தியில குடுத்தனுப்பியாச்சு." "ரோதமுனி வளைவு" என்றாள் வேலாயி. அந்த வளைவில் இருக்கிற காவல் தெய்வம் ரோதமுனி சாமிக்கு, வண்டி போகும்போது எல்லோரும் கும்பிடு போடுவார்கள். நான் கியரைக் குறைத்தேன். ஒன்றும் வரவில்லை. நல்லமுத்து நெற்றியைச் சுருக்கிக் கொண்டு தொங்கினான்.

"அடுத்தது..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"இருங்க!" என்று வேலாயி கத்தினாள். "மொதலாளி, அந்த எடத்துல நீங்க ஹாரன் அடிப்பீங்களே. அடிக்காம எப்புடி வளைவு வரும்?"

உண்மைதான். எதிரே வருவது தெரியாத வளைவு, அத்தோடு சாமி வேறு. இந்த ரோட்டை என்னை விட யாருக்குத் தெரியும் என்று சொல்லுகிற என் கை அதை விட்டுவிட்டது, கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி கியரைக் குறைத்தேன். நீளமாக ஒரு ஹாரன், குட்டையாக ஒரு ஹாரன், நான் வழக்கமாக அடிக்கிற மாதிரி.

"மீனம்மாக்கா!"

நல்லமுத்து மிதிபலகையில் இருந்தே கத்தினான். "ரோதமுனி வளைவு, மீனம்மாக்கா! பச்சப் படங்கு போட்டிருந்துச்சு!" பஸ்ஸில் எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு மாத்திரை, யாருக்கு மாத்திரை என்று ஒருத்தர் கேட்கவில்லை. மாஸ்டர் மட்டும் எதையோ கேட்க வாயெடுத்தார். "மீனம்மாவுக்குத் தலைவலி, வேற என்னா" என்று வேலாயி அதை அடைத்து விட்டாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இறங்கினார்கள். வேலாயி இறங்கவில்லை. "நான் பொறந்த தோட்டம் அது. குறுக்குப் பாதை உங்களுக்குத் தெரியாது" என்றாள். தோட்டத்து ரோடு சேரும் சந்தி வரை ஓட்டினேன். அதற்கு மேல் மெயின் ரோட்டில் சேறு முழங்கால் வரை கிடந்ததால் வண்டியை விட்டு இறங்கி, மூன்று பேரும் தேயிலைக்குள் ஏறினோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நான் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, வேலாயி சாட்சி.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் ரோதமுனி வளைவுக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தோம். வளைவின் ஓரத்தில் பச்சைப் படங்கு போட்டுக் கொண்டு மீனம்மா நின்றாள். ரோடு அடைபட்டு ஒரு வண்டியும் வராத இடத்தில், வண்டி வரும் பக்கம் பார்த்துக் கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா!" என்று நல்லமுத்து சத்தம் போட்டான்.

அவள் திரும்பினாள். உறையை வாங்கி நெஞ்சுக்குள் வைத்துக் கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "ரோடு மூடின ஒடனே எல்லாரும் போகச் சொன்னாங்க தம்பி. பஸ்ஸு வரலைன்னாலும் நீ வருவேன்னு நின்னேன்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

லயத்துக்குக் கூட்டிப் போனாள். அவள் மகள் பிரேமினி இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது வயசுக்கு வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். போன தடவை விழுந்தபோது அடுப்பில் சுட்ட தழும்பு கையில் இருந்தது. தேத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கினாள். அன்று இரவு அவளுக்கு ஒன்றும் வரவில்லை. இன்று அவள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். கல்யாணமும் ஆகிவிட்டது, மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துதான். "எழுதுங்க தாத்தா, என் பேரையும் போடுங்க. மறைச்சு மறைச்சுத்தானே அன்னைக்கு அம்மா அந்தப் பாடுபட்டாங்க" என்று அவளே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அன்று எங்களுக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்போது மீனம்மா கேட்டாள்: "தம்பி, ரோடு தொறந்ததும் பிரேமினிக்கு ஒரு குடை வாங்கியாரணும். நீலக் கலர்."

நல்லமுத்து கோப்பையைக் கீழே வைத்தான். "இங்க சொல்லாதக்கா. இங்க சொன்னா எனக்கு நிக்காது. கீழ வா, வளைவுல வந்து சொல்லு."

"இந்த மழையிலயா?"

"இந்த மழையிலதான்."

"பைத்தியக்காரனுக்கு ஒரு பஸ்ஸு" என்றாள் வேலாயி. ஆனால் முதலில் எழுந்ததும் அவள்தான்.

மீனம்மா மறுபடியும் படங்கைத் தலையில் போட்டாள். நாலு பேரும் சறுக்கிச் சறுக்கி வளைவுக்கு இறங்கினோம். ரோதமுனி சாமிக்கு முன்னால் அவள் நின்று, "நீலக் குடை தம்பி" என்றாள். நல்லமுத்து சாமியையும் கல்லையும் தேயிலையையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எங்கே மாட்டினானோ, அவனுக்குத்தான் வெளிச்சம்.

"மாட்டியாச்சு அக்கா. நீ போய் புள்ளையப் பாரு" என்றான்.